சாயங்காலம் ஆனா “நேரமாச்சு, வீட்டுக்குப் போகணும்”னு பையோடு கிளம்புற அத்தை (அல்சைமர்): என்ன செய்யலாம்?

அஸ்தம்பட்டி மருமகள்:

எல்லாருக்கும் வணக்கம். அத்தைக்கு 74 வயசு. ஏற்காட்டுல நாகலூர் பக்கம் காபி எஸ்டேட்ல பழம் பறிக்கிறது, கொட்டை பொறுக்குறதுன்னு 40 வருஷம் வேலை. போன வருஷம் அல்சைமர் மறதி நோய்னு உறுதி ஆச்சு. ஞாபகத்தையும் யோசனையையும் சோதிக்கிற எம்.எம்.எஸ்.ஈ தேர்வுல 30-க்கு 14. தை மாசத்துல இருந்து சேலம் அஸ்தம்பட்டியில எங்களோட, இரண்டாவது மாடியில.

பகல் பூரா அமைதியா இருப்பாங்க. 4 மணி தாண்டினா முந்தானையை இழுத்துச் செருகிட்டு, மஞ்சப்பையில ரெண்டு துணியை வெச்சுட்டு கதவுக்கிட்ட நிப்பாங்க. “நேரமாச்சு, வீட்டுக்குப் போகணும்.” “இதுதான் அத்தை நம்ம வீடு”ன்னா கோபம், அழுகை, சில நாள் அடி. ரெண்டு வாரமா ரொம்பக் கூடியிருக்கு.

மாத்திரை விவரம்: அல்சைமருக்கு டோனெபெசில் ராத்திரி 5 மி.கி., 3 மாசம். அப்புறம் ஒன்றரை மாசமா 10. அதுக்கப்புறம் அடிக்கடி ஒண்ணுக்கு, அவசரம், சேலை நனைஞ்சுடுது. அதுக்கு இன்னொரு டாக்டர் ஆக்ஸிபியூட்டினின் எழுதிக் கொடுத்து மூணு வாரம் ஆகுது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 8 வருஷமா. எடை 52-ல இருந்து 48 கிலோ. தூக்கத்துல கத்துறாங்க.

தூக்க மாத்திரை கேட்கலாமா? இல்ல, மறுபடியும் மலைக்கே கூட்டிட்டுப் போய் வெச்சா சரியாகுமா?

---

முதியோர்வார்டு செவிலி:

சகோதரி, “ரெண்டு வாரமா கூடியிருக்கு”ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, முதல்ல அதைத்தான் கவனிக்கணும். அல்சைமர் மாசக்கணக்கில், வருஷக்கணக்கில் நகரும் நோய். நாலு நாளில், ரெண்டு வாரத்தில் ஒருத்தர் மோசமானால் பழியை நோய் மேல் போட்டுவிட்டு உட்காரக் கூடாது. உடம்பில் வேறு ஏதோ நடக்குது.

சிறுநீர்த் தொற்று காய்ச்சல் இல்லாமலும் வரும், அதைப் பார்க்கணும். மலச்சிக்கலைப் பார்க்கணும்: கடைசியாக வயிறு போனது என்றைக்கு என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்க, 3 நாள் தாண்டினால் அதுவே ஆளைப் பாடாய்ப் படுத்தும். தண்ணீர் குறைந்தாலும் இப்படித்தான் ஆகும். சேலை நனையுதே என்று தண்ணீரைக் குறைக்கும் வீடுகள் நிறைய, தயவுசெய்து அதைச் செய்யாதீங்க. வலியை அவங்களால் சொல்ல முடியாது. நெற்றி சுருங்குதா, முழங்காலைத் தடவுறாங்களா, ஒரே பக்கம் மட்டும் மெல்றாங்களா என்று கவனிங்க. போன ரெண்டு மூணு மாசத்தில் எங்கேயாவது விழுந்தாங்களா? தலையில் சின்ன அடிக்குக்கூட சில வாரம் கழித்து மூளை உறைக்கு அடியில் ரத்தம் தேங்கலாம். சந்தேகம் இருந்தால் சி.டி. ஸ்கேன். ரத்தத்தில் சோடியம், சர்க்கரை, தைராய்டு, பி12, சிறுநீரகம். இவ்வளவும் பார்த்த பிறகுதான் தூக்க மாத்திரைப் பேச்சு.

அந்தத் தூக்க மாத்திரை பற்றி: அல்பிரசோலம், குளோனசெபம் வகை குழப்பத்தைக் கூட்டும், ராத்திரி எழுந்தால் தள்ளாடி விழவைக்கும். இடுப்பு எலும்பு முறிந்தால் அந்த வயசில் திரும்ப எழுப்புவது பெரும்பாடு. குவெட்டியாபின், ரிஸ்பெரிடோன் போன்ற மனநோய் மருந்துகள் டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு உயிரிழப்பு அபாயத்தைக் கூட்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே எச்சரித்தது. தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்ற நிலையில் மட்டும், மிகக் குறைந்த அளவில், சில வாரத்தில் நிறுத்திப் பார்க்கும் திட்டத்தோடுதான் நல்ல டாக்டர் எழுதுவார். பையை எடுத்துக்கொண்டு கதவுக்கிட்ட நிற்பதற்கு அது மருந்து இல்லை.

இப்போ அந்த 4 மணி. எஸ்டேட்டில் பறித்த பழத்தை எடை போட்டுவிட்டு ஆட்கள் வீட்டுக்குக் கிளம்பும் நேரம் ஏறக்குறைய அதுதானே? 40 வருஷம் அந்த நேரத்தில் சேலையைச் செருகிக்கொண்டு கிளம்பின உடம்பு அது. போதாததற்கு இந்த நோயில் மூளைக்குள் இருக்கும் நாள் கடிகாரமும் கெடும். நாள் முழுக்கச் சமாளித்த களைப்பும் சாயங்காலம் வெளியே வரும். அதனால் கிளம்பின பிறகு தடுக்காதீங்க, கிளம்பும் முன்னே வேலையை ஆரம்பிங்க. 3 மணிக்குக் கழிவறை. உடனே வயிற்றுக்கு ஏதாவது, கூட ஒரு டம்ளர் மோர். காபி அன்றைக்குக் கடைசி டம்ளர் மதியத்தோடு சரி. 3.30-க்குக் கையில் ஒரு வேலை. விளக்கை இருட்டின பிறகு போடாமல் 5 மணிக்கே எல்லா அறையிலும் போட்டு, ஜன்னல் திரையையும் இழுத்துவிடுங்க. இருட்டினதும் ஜன்னல் கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தையே யாரோ வெளியே நிற்பதாக நினைப்பாங்க. சீரியல் சண்டையை வீட்டுக்குள் நடக்கும் சண்டையாகவே எடுத்துக்கொள்வாங்க, அந்த நேரத்தில் டி.வி. வேண்டாம். பகல் தூக்கம் 2 மணிக்குள், முக்கால் மணிக்கு மேல் போகாமல். காலையில் 8 மணிக்குள் மொட்டை மாடியில் அரை மணி வெளிச்சம்.

அதையும் மீறிக் கிளம்பினால் கதவை மறைத்து நிற்காதீங்க, பக்கத்தில் போய் நில்லுங்க. “ஆமா அத்தை, நேரமாச்சு. வீட்டுல என்ன வேலை கிடக்கு?” என்று கேளுங்க. “அடுப்புப் பத்த வைக்கணும்” என்றால் பசி. “புள்ளைங்க தனியா இருக்கும்” என்றால் கவலை. ஒன்றுமே சொல்லாமல் சேலையைப் பிசைந்தால் அநேகமாகச் சிறுநீர். பதில் எதுவோ அதற்கு ஏற்பாடு செய்யுங்க. கேட்காவிட்டால் பையோடு கீழே இறங்கி ஒரு சுற்று நடந்து வாங்க. பத்து நிமிஷம் கழித்து அதே வாசலுக்கு வந்து “வீடு வந்தாச்சு, வாங்க” என்றால் பெரும்பாலும் உள்ளே வந்துவிடுவாங்க.

---

மாத்திரைப்பெட்டி:

மருந்தாளுநர் என்ற முறையில் உங்கள் மருந்துப் பட்டியலைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

டோனெபெசில் மூளையில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் உடையாமல் காக்கும். அதே வேதிப்பொருள்தான் சிறுநீர்ப்பையைச் சுருங்க வைப்பதும். அதனால் அளவு கூடியதும் சிறுநீர் அவசரம் வருவது எதிர்பார்க்கக்கூடியதே. அதற்குக் கொடுத்த ஆக்ஸிபியூட்டினின் அசிட்டைல்கோலினைத் தடுக்கும் மருந்து. அது மூளைக்குள்ளும் போகும். ஒரு மாத்திரை ஏற்றுகிறது, இன்னொன்று இறக்குகிறது. மூன்று வாரமாக அந்த மாத்திரை, இரண்டு வாரமாகக் குழப்பம்: இந்தக் கணக்கை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள். ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது நோய் என்று எண்ணி இன்னொரு மருந்து எழுதுவது முதியோர் மருத்துவத்தில் அடிக்கடி நடக்கும் பிழை. இரண்டு டாக்டர், இரண்டு சீட்டு, ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது என்றால் நடந்தே தீரும். எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரே கவரில் போட்டு, டோனெபெசில் எழுதிய டாக்டரிடம் காட்டுங்கள். சிறுநீர்ப்பைக்குக் கட்டாயம் மருந்து வேண்டுமென்றால் மிராபெக்ரான் போன்ற வேறு வழியில் வேலை செய்பவை உண்டு. அதற்கு பி.பி. கவனிக்க வேண்டும்.

எடை குறைவதற்கும் தூக்கத்தில் கத்துவதற்கும் 10 மி.கி. அளவே காரணமாக இருக்கலாம். ராத்திரி மாத்திரையைக் காலைக்கு மாற்றினால் கெட்ட கனவு குறைவது வழக்கம். எடை இன்னும் இறங்கினால் 5-க்குத் திரும்புவதா, ரிவாஸ்டிக்மின் பட்டைக்கு (தோலில் ஒட்டும் மருந்து) மாறுவதா என்று டாக்டர் முடிவு செய்வார். நீங்களாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம். நாடியை ஒரு முழு நிமிஷம் எண்ணுங்கள். 50-க்குக் கீழே இருந்தாலோ, எழும்போது தலை சுற்றினாலோ, மயங்கினாலோ உடனே ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும், இந்த மருந்து இதயத் துடிப்பை மெதுவாக்கும். அட்டெனோலால், மெட்டோபிரோலால் போன்ற பி.பி. மாத்திரை சேர்ந்தால் இன்னும் கவனம்.

பட்டைக்கு மாறினால் ஒன்றை மறக்காதீர்கள்: புதியதை ஒட்டும் முன் பழையதை உரிக்க வேண்டும். முதுகில் பழையது இருப்பதை மறந்து மேலும் மேலும் ஒட்டி, வாந்தியும் மயக்கமுமாக ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. 4.6 மி.கி. பட்டையில் தொடங்கி, குறைந்தது 4 வாரம் கழித்தே 9.5. குளித்து, துடைத்து, எண்ணெய் பவுடர் இல்லாத மேல்முதுகில் ஒட்டுங்கள், அங்கே அவர் கை எட்டாது. ஒட்டிய இடத்திலேயே 14 நாளைக்குள் மறுபடி ஒட்டக் கூடாது. தேதியைப் பட்டை மேலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். சித்திரை வெயிலில் வியர்த்து ஓரம் கழன்றால் மேலே மருத்துவ டேப் போடுவதைவிட, உரித்துப் புதியது ஒட்டி, மறுநாள் வழக்கமான நேரத்தில் மாற்றுவதே சரி.

கடையில் சீட்டு இல்லாமல் வாங்கும் சளி மாத்திரையும் (குளோர்பெனிரமின், பெனிரமின்) வயிற்றுவலி மாத்திரையும் (டைசைக்ளோமின்) இதே தடுக்கும் வகைதான். வேண்டவே வேண்டாம். 8 வருஷம் மெட்ஃபார்மின் எடுப்பவருக்கு பி12 குறைந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அது மறதியைக் கூட்டும், ஊசியில் சரியாகும்.

---

அஸ்தம்பட்டி மருமகள்:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. நாளைக்கே எல்லா அட்டையையும் எடுத்துட்டுப் போறேன். இன்னும் ரெண்டு சந்தேகம். காலையில சாப்பிட்டது ஞாபகம் இல்ல, ஆனா நாகலூர்ல எந்த வரிசையில எந்த சில்வர் ஓக் மரம்னு சொல்றாங்க. அது எப்படி? அப்புறம், அமெரிக்காவுல இருக்குற கொழுந்தனார் ‘புது ஊசி வந்திருக்கு, நோயையே நிறுத்திடும்’னு சொல்றார். உண்மையா?

---

நரம்பியல் ஆசிரியர்:

இரண்டுக்கும் ஒரே இடத்திலிருந்து பதில் தொடங்கலாம்.

1901-இல் பிராங்பர்ட் மனநல மருத்துவமனையில் 51 வயது அகஸ்டே டெட்டர் என்ற பெண்மணியை அலோயிஸ் அல்சைமர் பரிசோதித்தார். பெயரை எழுதச் சொன்னால் பாதியில் நின்றுவிடுவார். “என்னைத் தொலைத்துவிட்டேன்” என்பார். 1906 ஏப்ரலில் அகஸ்டே இறந்த பிறகு மூளையை வெள்ளி உப்பால் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தபோது இரண்டு விஷயங்கள் தெரிந்தன: செல்களுக்கு வெளியே படிவுகள், உள்ளே நூல்சிக்கல் போன்ற முடிச்சுகள். அதே ஆண்டு நவம்பர் 3 அன்று டியூபிங்கனில் நடந்த மருத்துவர் கூட்டத்தில் அல்சைமர் இதைப் படித்தபோது அவையில் ஒரு கேள்விகூட எழவில்லை. 1910-இல் மனநல மருத்துவர் எமில் கிரெப்லின் தம் பாடநூலில் நோய்க்கு அல்சைமர் பெயரை வைத்தார்.

அதன் பிறகு நடந்ததுதான் வருத்தம். 65-க்குக் கீழே வந்தால் அரிய நோய், அதற்கு மேல் வந்தால் வெறும் ‘வயசுக் கோளாறு’ என்று ஏறக்குறைய 60 ஆண்டுகள் மருத்துவ உலகம் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தது. 1976-இல் நரம்பியல் மருத்துவர் ராபர்ட் காட்ஸ்மன் இரண்டும் ஒரே நோய், இது பெருங்கொலையாளி என்று எழுதினார். நம் ஊரில் ‘வயசானா அப்படித்தான்’ என்று இன்னும் சொல்கிறோமே, அதே பிழை. அதே காலத்தில்தான் மூளையில் அசிட்டைல்கோலின் குறைவதும் தெரிய வந்தது. அதிலிருந்து 1993-இல் டாக்ரின் என்ற மருந்து வந்தது, கல்லீரலைக் கெடுத்ததால் நிலைக்கவில்லை. 1996-இல் டோனெபெசில்: உங்கள் அத்தை விழுங்கும் மாத்திரை இந்த வம்சம். இது உயிரோடு இருக்கும் செல்களுக்கு ஊக்கம் கொடுக்கும், நோயின் ஓட்டத்தை நிறுத்தாது.

படிவு பீட்டா அமிலாய்ட் என்ற புரதம், அதை 1984-இல் ஜார்ஜ் கிளென்னர் பிரித்துக் காட்டினார். முடிச்சு டாவ் என்ற புரதம். 1991-இல் ஹைகோ பிராக், ஈவா பிராக் இருவரும் இந்த முடிச்சுகள் பரவும் வரிசையை வரைந்தார்கள்: முதலில் பொட்டுக்கு (கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் உள்ள இடம்) உள்பக்கமுள்ள என்டோரைனல் புறணி, அடுத்து ஹிப்போகேம்பஸ், கடைசியில் மூளையின் மேற்புறணி, அதாவது வெளி அடுக்கு. உங்கள் முதல் கேள்விக்குப் பதில் இந்த வரிசையில் இருக்கிறது. ஹிப்போகேம்பஸ்தான் இன்று நடப்பதைப் பதியும் இடம். அது போய்விட்டதால் காலையில் சாப்பிட்ட இட்லி ‘மறக்கவில்லை’, பதியவே இல்லை. எத்தனை முறை நினைவூட்டினாலும் பயனில்லாதது அதனால்தான். 40 வருஷம் தினமும் நடந்த சில்வர் ஓக் வரிசை மேற்புறணி முழுக்க விரிந்து ஊறிய நினைவு, அங்கே நோய் மெதுவாகத்தான் எட்டும். அவருக்கு அஸ்தம்பட்டி வீடு பதியவில்லை, நாகலூர் வீடு இருக்கிறது. அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அவர் சொல்வது சரி.

ஊசி: லெகனெமாப் 2023-இலும் டோனனெமாப் 2024-இலும் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்றன. அமிலாய்டை மூளையிலிருந்து அகற்றுகின்றன, அதில் சந்தேகமில்லை. ஆனால் நோயை நிறுத்தவில்லை. லெகனெமாப் சோதனையில் 18 மாதத்தில் சரிவின் வேகம் 27 சதவீதம் குறைந்தது. நோயின் தீவிரத்தை அளக்கும் 18 புள்ளி அளவுகோலில் அது 0.45 புள்ளி. குடும்பத்தாருக்கு வீட்டில் கண்ணில் படுமா என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே வாதம் உண்டு. லெகனெமாபைத் தொடக்கத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நரம்பு வழியே ஏற்ற வேண்டும், அமிலாய்ட் இருப்பதைப் பெட் (PET) ஸ்கேனிலோ முதுகுத்தண்டு நீரிலோ உறுதி செய்ய வேண்டும், மூளை வீக்கமோ நுண் ரத்தக்கசிவோ வருகிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஏற்றியவர்களில் எட்டில் ஒருவருக்கு அந்த வீக்கம் ஸ்கேனில் தெரிந்தது. சேர்க்கப்பட்டவர்கள் எல்லாம் ஆரம்ப நிலை, எம்.எம்.எஸ்.ஈ 22-க்குக் குறையாதவர்கள். உங்கள் அத்தை போன வருஷமே 14. கொழுந்தனாரின் அக்கறை புரிகிறது. அந்தப் பணத்தில் பகலுக்கு ஒரு நல்ல பராமரிப்பாளரை வைக்கச் சொல்லுங்கள்.

---

அடிவாரம்:

வீட்டுப் பராமரிப்புப் பயிற்சி தருபவன் என்ற முறையில் மீதி விஷயங்கள்.

மலைக்குத் திரும்பக் கூட்டிப் போவது: 20 கொண்டை ஊசி வளைவில் டோனெபெசில் வாந்தியும் சேர்ந்துகொள்ளும். போய்ச் சேர்ந்தாலும் அவங்க தேடுற வீடு அங்கே இல்லை. பிள்ளைகள் சின்னதா, வீட்டுக்காரர் உயிரோட இருந்த வீடு அது. அங்கேயும் 4 மணிக்குக் கிளம்புவாங்க. ஊரையே மாத்துறதுக்குப் பதிலா அங்கிருந்து பொருளைக் கொண்டு வாங்க: அவங்க போர்த்தின கம்பளி, சாமி படம், உட்கார்ந்த மணை. படுக்கையில் இருந்து பார்த்தாலே தெரியுற மாதிரி வையுங்க.

கைக்கு வேலைன்னு செவிலியம்மா சொன்னாங்களே, உங்களுக்குத் தேடவே வேண்டாம். முறத்துல கால் கிலோ பச்சைக் காபிக் கொட்டையைப் பரப்பி, அதுல ஒரு கைப்பிடி கருப்பு, உடைசல் கலந்து வையுங்க. கைப்பழக்கம் பதியுற இடம் வேற, நோய் அங்கே கடைசியாத்தான் போகும். விரல் தானாப் பொறுக்கும்: கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கருப்புக் கொட்டையை எடுக்கும், சுண்டுவிரல் நல்லதை ஒதுக்கும். முடிஞ்சதும் “எடை போட்டாச்சு, நல்லாப் பொறுக்கியிருக்கீங்க”ன்னு வாங்கி வெச்சுட்டு, மறுநாள் அதையே கலந்து கொடுங்க. வாயில போடுற பழக்கம் வந்துட்டா கொட்டை வேண்டாம், துணி மடிக்கக் கொடுங்க. மிளகு எப்பவும் வேண்டாம், கையைக் கண்ணுல வெச்சுடுவாங்க.

சாப்பாடு: எவர்சில்வர் தட்டுல இட்லி வெச்சா பளபளப்புல கண்ணுக்கே தெரியாம போகலாம். வாழை இலையில வெச்சுப் பாருங்க, பச்சையில வெள்ளை எடுத்துக் காட்டும். நாலு வகை ஒரே நேரத்துல வைக்காம ஒண்ணு ஒண்ணா. கையில பிடிச்சுச் சாப்பிடுற பணியாரம், கொழுக்கட்டை, சின்னச் சின்னக் களி உருண்டை நல்லது. எடைக்கு நெய், நிலக்கடலைப் பொடி சேருங்க. ஆறு சின்ன வேளை. முடியாதவங்களுக்கு ரசம் சாதம்தான் லேசுன்னு நினைப்போம். விழுங்குறதுல சிக்கல் வந்தவங்களுக்கு அதுதான் கஷ்டம்: ரசம் முந்திட்டு ஓடும், பருக்கை பின்தங்கும், மூச்சுக்குழாய்க்குப் போயிடும். குழையப் பிசைஞ்சு ஒரே பதமாக் கொடுங்க. தட்டுவடை செட் ஆசைப்பட்டாலும் உதிரி உதிரியா இருக்குறதால தவிர்க்கணும். நேரா உட்கார வெச்சு, முகவாய் கொஞ்சம் தாழ்ந்து, முடிஞ்சதும் அரை மணி உட்கார்ந்தே. தண்ணீர் குடிச்சதும் இருமினாலோ குரல் ஈரமாக் கேட்டாலோ டாக்டர்கிட்டச் சொல்லணும்.

கதவு: தாழ்ப்பாளைக் கண் மட்டத்துக்கு மேல போடுங்க, ஆனா ஆள் இல்லாம பூட்டிட்டுப் போகவே கூடாது. கையில உங்க செல் நம்பர் பொறிச்ச காப்பு. செவ்வாய்ப்பேட்டையில பொறிச்சுத் தருவாங்க. வெள்ளியில வேண்டாம், எவர்சில்வர் போதும், யாரும் கழட்ட மாட்டாங்க. நோய் பேரும் முகவரியும் வேண்டாம். ஏற்காடு பஸ் உங்க ஏரியா வழியாத்தான் போகுது, அதனால காணலைன்னா முதல்ல அந்த ஸ்டாப்பைப் பாருங்க, அப்புறம் கோரிமேடு, அடிவாரம் வழி. கீழ்க்கடைக்காரர், ஆட்டோ ஸ்டாண்டுக்கு இப்பவே போட்டோவும் நம்பரும் கொடுத்து வையுங்க. 15 நிமிஷம் தேடியும் இல்லைன்னா 112. ‘இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம்’னு ராத்திரி வரை விடாதீங்க. இந்த நோயில மோப்பமும் சீக்கிரமே மங்கும், காஸ் கசிஞ்சாலும் தெரியாது. சமைச்சு முடிஞ்சதும் ரெகுலேட்டரை மூடிடுங்க.

குளியல்: தலையில சொம்பைக் கவிழ்த்தா யாரோ அடிக்கிறாங்கன்னு பயப்படுவாங்க. கால்ல இருந்து ஆரம்பிங்க, மேல ஒரு துண்டைப் போர்த்தியே. ஒரு துணியை அவங்க கையிலயும் கொடுத்துட்டா அடிக்கிற கைக்கு வேலை ஆச்சு. சிறுநீருக்கு, விழிச்சிருக்குற நேரத்துல 2 மணிக்கு ஒரு தடவை நீங்களே கூட்டிப் போங்க. கேட்டா வேண்டாம்பாங்க, அதனால கேட்காம “வாங்க”ன்னு கையைப் பிடிங்க.

---

கோரிமேடு வாசகர்:

சட்டப் பக்கம் ஒரே விஷயம். அத்தை பேரில் நிலமோ வங்கிக் கணக்கோ இருந்தால் இப்பவே வக்கீலைப் பாருங்க. சாதாரண பவர் ஆஃப் அட்டர்னி, எழுதிக் கொடுத்தவர் மனநிலை தவறிய பிறகு செல்லாது (இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 201). ‘பவர் இருக்கே’ என்று நம்பியிருந்து பிறகு பாதுகாவலர் நியமனத்துக்கு நீதிமன்றம் ஏறும் குடும்பங்கள் பல. முதியோருக்கான அரசு உதவி எண் 14567, காலை 8 முதல் இரவு 8 வரை.

---

அஸ்தம்பட்டி மருமகள்:

எல்லாத்தையும் அச்செடுத்து வெச்சுக்கிட்டேன். கடைசியா ஒண்ணு. சில நாள் “மாமா இன்னும் வரலையா?”ன்னு கேட்கிறாங்க. மாமா தவறி 3 வருஷம் ஆச்சு. உண்மையைச் சொல்லாம இருக்க மனசு கேட்க மாட்டேங்குது.

---

முதியோர்வார்டு செவிலி:

சொன்னால் ஒவ்வொரு தடவையும் அவங்களுக்கு அது முதல் தடவை. அழுவாங்க. அரை மணியில் செய்தி போய்விடும். துக்கம் மட்டும் ராத்திரி வரைக்கும் உடம்பில் நிற்கும், எதற்கென்று தெரியாமல். நாளைக்கு மறுபடி கேட்பாங்க. அதனால் வலிந்து சொல்ல வேண்டாம். “இதோ வந்துடுவார்” என்ற பொய்யும் வேண்டாம், கதவுக்கிட்டக் காத்து நிற்பாங்க. “மாமா ஞாபகமா இருக்கா அத்தை? அவருக்கு என்ன குழம்பு பிடிக்கும்?” என்று கேளுங்க. சொல்ல ஆரம்பிப்பாங்க. “அவர் செத்துட்டாரா?” என்று அவங்களே நேராகக் கேட்கும் நாள் ஒன்று வரும். அன்றைக்கு மறைக்காதீங்க. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு “ஆமா அத்தை” என்று சொல்லுங்க, சேர்ந்து அழுங்க. அழுகை அடங்கும்வரை கையை எடுக்காதீங்க.